வெற்று மாதிரி

மே மாதம், காரைக்குடி.
ஒரு மணி நேரமாக ஏ.சி. இருமிக்கொண்டிருக்கிறது.
சன்னலுக்குக் கறுப்புத் துணி, துணி ஓரத்துக்குக் கறுப்பு நாடா,
ஆணி போன துளைக்கு மட்டும் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு.
என் அறைக்குள் வெயிலுக்கு அனுமதி இல்லை.
வந்தால் கணக்கு கெடும்.

பள்ளத்தூரிலிருந்து இருவர்:
சிகப்பி ஆச்சி, உமையாள் ஆச்சி.
ஒரே காரில் வந்தார்கள்,
நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.
நடுவே மஞ்சள் துணியில் கெம்பு அட்டிகை.
இருபத்தேழு கல்.
ஆளுக்குப் பதின்மூன்று போக மிச்சம் நடுக்கல்,
சுண்டுவிரல் நகத்தளவு.
அதற்குத்தான் இரண்டு வக்கீல்,
அதற்குத்தான் நான்.

"கல்லைக் கழட்டணுமா?"
வேண்டாம் ஆச்சி, தொடக்கூட மாட்டேன்.
வெளிச்சம் தொடும். அது திரும்பி வந்து சொல்வதை
இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும்.

விளக்கை அணைத்தேன். பச்சை லேசர், ஊசிமுனை அளவு.
கெம்பு பச்சையைத் தின்னும், ஊதாவையும் தின்னும்,
சிவப்பை விட்டுவிடும்.
கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு அந்த எச்சில்தான்.
தெரியாத பாதி ஒன்று உண்டு:
தின்றதை அது கடனாகத்தான் எடுத்துக்கொள்கிறது.
மூன்று, மூன்றரை மில்லிவினாடி வைத்திருந்து
வேறு நிறத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.
நீங்கள் ஒரு முறை இமைப்பதற்குள்
ஐம்பது கடன் வாங்கி ஐம்பதையும் அடைத்திருக்கும்.
பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே குறைகிற தொகை
கல்லுக்குள் சூடாகத் தங்கும்.
தரகு.

திரையில் இரண்டு முகடுகள், ஒட்டிப் பிறந்தவை.
அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்குச் சற்று இந்தப் பக்கம் ஒன்று,
தொண்ணூற்று நான்கைத் தாண்டி மற்றொன்று.
முதலாவது கொஞ்சம் குட்டை.
இடையில் ஒரு பள்ளம்.

முதல் கல். சரி.
இரண்டு. மூன்று. உமையாள் ஆச்சி விரல் மடக்கினார்.
ஒன்பதாவதில் ஏ.சி. நின்றுபோனது,
பதினொன்றில் முகடு ஒரு மயிரிழை வலப்புறம் நகர்ந்திருந்தது.
அறை சூடேறியதை
எங்களுக்கு வியர்க்கும் முன்பே கல் சொல்லிவிட்டது.

"பர்மாக் கல்லுதானே?"
அலுமினா ஆச்சி, அதில் ஒரு சிட்டிகை குரோமியம்.
மண்ணுக்குள் விளைந்ததா, உலையில் விளைந்ததா,
இந்த வெளிச்சத்துக்குத் தெரியாது.
அதற்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்.
"அப்பச்சி மோல்மீன்ல வாங்குனது."
இருக்கலாம். அதை நான் அறிக்கையில் எழுத முடியாது.

பதினான்கு.
தட்டை.
கோடு தரையோடு தரையாகப் போனது.
குவியத்தைச் சரிசெய்தேன். நேரத்தைப் பத்து மடங்காக்கினேன்.
மூடியைப் போட்டு இருட்டை அளந்து, அதைக் கழித்துப் பார்த்தேன்.
இருட்டைக் கழித்தபின் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

விளக்கைப் போட்டால் அட்டிகையிலேயே அதுதான் சிவப்பு.
அடியில் தகடு வைத்திருக்கிறான்;
உள்ளே போன வெளிச்சம் தகட்டில் மோதி
அதே கண்ணாடியை இன்னொரு முறை கடந்து வருகிறது.
யாரோ நல்ல ஆசாரி.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் கணினியின் விசிறி மட்டும் பேசியது.

"அப்ப அது ஒனக்கே இருக்கட்டும்."
"எனக்கெதுக்கு? மூத்தவ நீ, நீயே வச்சுக்க."
அரை மணி முன்பு கேட்ட அதே குரல்கள், அதே வேகம்,
இப்போது எதிர்த்திசையில்.

மீதிப் பதின்மூன்றும் சரியாக இருந்தன.
அப்போது யாரும் விரல் மடக்கவில்லை.

ஆடியில் ஒரு கூரியர் வந்தது.
பஞ்சுக்குள் அந்த நடுக்கல், கடிதம் இல்லை.
அனுப்புநர் இடத்தில் இரண்டு பெயர்,
இரண்டு கையெழுத்து.

திருப்பி அனுப்பவில்லை.
காலையில் கருவி சூடேறியதும்
முதலில் லேசருக்குக் கீழே அதைத்தான் வைக்கிறேன்.
அது ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும்.
என்றாவது ஒரு சின்ன முகடு எழுந்தால்
தப்பு என் கண்ணாடிகளில், என் வடிகட்டியில்,
அல்லது பொட்டு உதிர்ந்த ஆணித்துளையில்.

இன்றைக்குச் சுத்தமான தரை.
அடுத்த மாதிரியை எடுக்கிறேன்.